வால் பலகையைக் கழற்றிய நாள்

எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பாதி மறந்தும் போய்விட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் பீன்யாவில் என் வீட்டுக்காரரின் ஷெட்டில் பெயிண்டுக்காக நின்றிருந்த அந்தக் குட்டி விமானம் மட்டும் கண்ணைவிட்டுப் போகவில்லை.

அதைச் செய்தவர் என் மூத்தார், வீட்டுக்காரரின் அண்ணன். பாகங்களை வரவழைத்துத் தானே பூட்டினார், ஓட்டவும் கற்றிருந்தார். அவரை எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. நான் கல்யாணமாகி ஸ்ரீராம்புரம் வந்த புதிதில், வைத்த குழம்பை முகர்ந்து பார்த்துவிட்டு மூடியவர். என் வீட்டுக்காரர் கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர். மாமியார் சாவில் வந்த சண்டையிலிருந்து அண்ணன் தம்பி பேச்சு இல்லை. இவரைப்போல அடிக்க ஆளில்லை என்பது மூத்தாருக்குத் தெரியும். அதைச் சொல்லாமல், “ஷெட் பக்கத்துல இருக்கு, அதான்” என்று ஆளனுப்பினார்.

இருவரும் விமானத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்பார்கள். ஒருவர் பேசுவது மற்றவர் காதில் நன்றாக விழும். ஆனாலும் நடுவில் நின்று நான் திருப்பிச் சொன்னால்தான் அது சொன்னதாகும். மூத்தார் முகத்தைப் பார்த்துப் பேசிப் பழக்கமில்லாததால், நான் இறக்கையைப் பார்த்துச் சொல்வேன்.

பெயிண்டுக்கு முன் எதையெல்லாம் கழற்றுவது என்பதில்தான் வந்தது வினை. கண்ணாடி மூடி, சக்கர உறை எல்லாவற்றுக்கும் தலையாட்டிய மூத்தார், விமானத்தைத் திருப்புகிற வால் பலகையில் நின்றுவிட்டார். கோபம் வந்தால் அவருக்குக் கன்னடம் வரும்; வேண்டாம் என்பது ‘பேடா’ ஆகிவிடும்.

“பேடா, பேடவே பேடா! நான் பூட்டினதுல அவன் கை படக்கூடாதுன்னு சொல்லும்மா. பேப்பர் ஒட்டி அடிக்கட்டும்.”

“கீல்ல பெயிண்ட் இறங்கி இறுகிட்டா பலகை திரும்பாதுன்னு சொல்லு, அந்த மகாராஜாகிட்ட.”

“கார் பெயிண்டர் எனக்கு ஏரோப்ளேன் பாடம் எடுக்கறானா?”

“சரி, அப்படியே அடிக்கிறேன்னு சொல்லு. மேல போய் மாட்டிக்கிட்டு விழட்டும்.”

இவர் ஸ்ப்ரே கன்னை எடுத்துவிட்டார். வீம்புக்கு அடித்தே விடுவார் என்று எனக்குத் தெரியும். மூத்தார் பிடிக்காதவர்தான்; அதற்காக அவர் சாவுக்கு நான் தூது போவதா?

“மூத்தார் கழட்டச் சொல்றாருங்க” என்றேன் இவரிடம்.

“நான் எங்கம்மா சொன்னேன்? இல்லன்னு சொல்லு!”

அதை மட்டும் நான் திருப்பிச் சொல்லவில்லை. அவரே தம்பியிடம் நேராக ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் மூத்தார் தோற்றவராவார். இவர் ஸ்பேனரோடு வாலுக்குப் போனார். மூத்தார் பாய்ந்து வந்து அதைப் பிடுங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு தானே கழற்றினார். “குடியைக் கெடுக்க வந்தவ” என்றார், போல்ட்டைப் பார்த்து.

பெயிண்ட் அடித்தாயிற்று. பலகையைத் தானே பூட்டினார், பறந்தார், நல்லபடியாக இறங்கினார். அன்றோடு என்னிடமும் பேச்சை நிறுத்திக்கொண்டார். கல்யாண வீடுகளில் என்னைக் கண்டால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார். எனக்கும் அதில் வருத்தமில்லை.

விமான வேலை தெரிந்தவர்கள் யாராவது இதைச் சரிபார்த்துச் சொல்ல வேண்டும்: அந்தப் பலகையைக் கழற்றித்தான் ஆகவேண்டுமா? தேவையில்லை என்றால் என்னிடம் மட்டும் சொல்லுங்கள். மூத்தாரிடம் போய்ச் சொல்ல எங்கள் வீட்டில் இப்போது ஆளில்லை.