நானூற்றுப் பன்னிரண்டு பேர் நம்பிய கட்டுரை

மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் அந்த வேதியியல் ஆசிரியையைத் "திராவகம்" என்றுதான் சொல்வார்கள். அது அவருக்கும் தெரியும். கரிம வேதியியலில் முப்பது ஆண்டுகள், அறுபத்தோரு கட்டுரைகள். அறுபதை யாரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஒன்றுதான் அவரைத் தூக்கி நிறுத்தியது.

இரண்டு கரிம வளையங்களை ஒட்டவைக்க எல்லோரும் பல்லேடியம் என்ற உலோகத்தைச் சேர்ப்பார்கள். உலோகமே வேண்டாம், காரமும் சூடும் போதும் என்றது அந்தக் கட்டுரை. பதினோரு ஆண்டுகளில் நானூற்றுப் பன்னிரண்டு ஆய்வாளர்கள் அதை மேற்கோள் காட்டியிருந்தார்கள். பேராசிரியர் பதவிக்கான நேர்காணல் அழைப்பும் அந்த எண்ணிக்கையால்தான் வந்தது.

அழைப்பு வந்த வாரத்தில் அவர் அந்தச் சோதனையைத் தானே மறுபடி செய்து பார்த்தார். காரணம், ஒரு மாணவி. எட்டு மாதம் முயன்றும் அவளுக்கு அது வரவேயில்லை. கையில் சுத்தம் இல்லை, கவனம் இல்லை என்று எல்லோர் முன்னாலும் அவளைக் கிழித்துத் தோரணம் கட்டியிருந்தார். அவள் ஆய்வை விட்டுவிட்டு ஒரு பெயின்ட் கம்பெனியின் சோதனைக்கூடத்துக்குப் போய்விட்டாள். அவள் விட்டுப்போன மேசை இழுப்பறையில், குடுவைக்குள் போட்டுக் கலக்கும் சின்னக் காந்தங்கள் ஆறு கிடந்தன. எல்லாம் புதியவை. அவற்றைப் போட்டபோது அவருக்கும் சோதனை வரவில்லை. தன்னுடைய பழைய காந்தத்தைப் போட்டார். உடனே வந்தது.

பழைய காந்தத்தின் வெள்ளை உறையில் மயிரிழை மாதிரி கறுப்புக் கீறல்கள். முன்பு எப்போதோ செய்த சோதனைகளின் பல்லேடியம் அதற்குள் ஒளிந்திருந்தது. எத்தனை முறை கழுவினாலும் போகவில்லை. உலோகம் இல்லாமல் நடந்ததாக அவர் உலகத்துக்குச் சொன்னது உலோகத்தால்தான் நடந்திருக்கிறது. அந்த மாணவிக்கு வராமல் போனது, அவள் சுத்தமாக வேலை செய்ததால்.

அவருக்கு வந்த கோபத்தில் அந்தக் குடுவையைக் கழுவுதொட்டியில் போட்டு உடைத்தார்.

கட்டுரையைத் திரும்பப் பெறப்போவதாகச் சொன்னதும் துறைத்தலைவர் கதவைச் சாத்தினார். கல்லூரியின் தரவரிசையே அந்த மேற்கோள் எண்ணிக்கையில்தான் நிற்கிறது என்றார். "தப்புன்னு சொல்லி மேற்கோள் காட்டினாலும் அது மேற்கோள்தான் மேடம். கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்?"

"எனக்குத் தெரியுமே சார்," என்றுவிட்டு வெளியே வந்தார்.

பஸ் ஓட்டும் அண்ணன் அவரோடுதான் இருந்தார். சாப்பிடும்போது எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். வேதியியல் புரியவில்லை, தங்கை மூஞ்சி புரிந்தது. "நேர்காணல் முடியட்டும், அப்புறம் எழுது. பதினோரு வருஷம் இருந்தது இன்னும் பத்து நாள் இருந்தா என்ன குடியா முழுகிடும்?"

அது நியாயமாகத்தான் பட்டது. அப்படி நியாயமாகப் பட்டதே அவருக்கு எரிச்சலைக் கிளப்பியது. மறுநாள் பெயின்ட் கம்பெனிக்குப் போனார். மாணவி வாசலுக்கு வந்து, கையுறையைக் கழற்றாமலே நின்று கேட்டுக்கொண்டாள். பிழையைக் கண்டுபிடித்தது நீதான், கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தில் உன் பெயரைப் போடுகிறேன் என்று அவர் சொன்னார்.

"என் பேரு வேணாம் மேடம். எட்டு மாசம் என்னைத் திட்டினீங்கல்ல, அதை எழுதுங்க. எழுத முடியுமா?"

அவள் உள்ளே போய்விட்டாள். அவர் பஸ்ஸில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டே வந்தார். வந்த வேகத்தில் எழுதி, அன்றே ஆய்விதழுக்கு அனுப்பினார். கடிதத்தில் ஒரு வரி இப்படி இருந்தது: "புதிய காந்தத்தில் வினை நடக்கவில்லை என்று என் மாணவி எட்டு மாதம் காட்டினார், நான் அதை ஏற்காமல் அவரைத் திட்டினேன்."

இதெல்லாம் அறிவியல் இல்லை, அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்று ஆய்விதழின் ஆசிரியர் குழுவிடமிருந்து பதில் வந்தது. அந்த வரி இல்லாவிட்டால் கையெழுத்துப் போடமாட்டேன் என்றார் அவர். மூன்று முறை கடிதம் போய் வந்தது. கடைசியில் அந்த வரியோடுதான் வெளியானது. பதவி வேறொருவருக்குப் போனது. துறைத்தலைவர் அவரை எதிரே கண்டால் வேறு வராந்தாவில் திரும்பிக்கொண்டார்.

இதற்குப் பிறகாவது ஓயும் என்று அவர் நினைத்தார். ஓயவில்லை. கட்டுரை பொய் என்று அச்சில் வந்த பிறகும், அந்த ஆண்டே ஒன்பது பேர் அதை மேற்கோள் காட்டினார்கள். ஒன்பது பேருக்கும் அவர் கடிதம் எழுதினார். எட்டுப் பேர் வாயே திறக்கவில்லை. ஒருவர் மட்டும் மரியாதையாகப் பதில் போட்டார்: உங்கள் கட்டுரையை நாங்கள் படித்ததில்லை, எல்லோரும் காட்டியிருந்ததால் நாங்களும் காட்டினோம்.

அவர் அதை இரண்டு முறை படித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்த ஆளுக்கு இரண்டாவது கடிதம் எழுத ஆரம்பித்தார்.