ஹேண்ட்பிரேக் போட்ட நாத்தனார்

நார்வேயின் பெர்கனில் கார் நிறுத்துவது மாட்டைக் கட்டிப்போடுகிற மாதிரி வேலை. ஊரே மலைச்சரிவு. முன்சக்கரத்தை நடைபாதைக் கல் பக்கம் திருப்பி, கியரைப் போட்டு, ஹேண்ட்பிரேக்கை முழு மூச்சாக இழுத்த பிறகுதான் இறங்க வேண்டும். தப்பான இடத்தில் நிறுத்தினால் முன்கண்ணாடியில் ஒரு மஞ்சள் உறை ஒட்டியிருக்கும். அபராதத்துக்கு இங்கே ‘பூட்’ என்று பெயர். கைப்பேசியிலேயே கட்டிவிடலாம், யாரும் திட்ட மாட்டார்கள், யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். வந்த புதிதில் இதுவல்லவோ நாடு என்று ராயபுரத்துக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொண்டவள் நான்.

அந்தப் பழக்கத்தோடுதான் ஜனவரியில் என் தம்பி ஸ்டீபன் கல்யாணத்துக்குப் போனேன். சாயங்காலம் கோயிலில் திருமணப் பூசை. மத்தியானம் அவனுடைய காரை எடுத்துக்கொண்டு மாலை வாங்கக் கிளம்பினேன். தாலியும் மோதிரங்களும் என் பொறுப்பு. நாத்தனார் இல்லையா. பூக்கடை நெரிசலில் எதற்கு வம்பு என்று அவற்றை டிக்கியில் வைத்துப் பூட்டினேன். மீன்பிடித் துறைமுகம் போகிற சந்தில் ஓரமாக நிறுத்தி, சக்கரத்தைத் திருப்பி, கியர் போட்டு, ஹேண்ட்பிரேக்கையும் இழுத்துவிட்டுப் போனேன். மாலையோடு திரும்பினால் கார் இல்லை.

“இன்னாக்கா நீ,” என்றார் பூக்கடைக்காரர். “ஐஸ் வண்டி வந்து நின்னுகினு கீது. உன் வண்டிய தள்ளிவுடலாம்னு பத்து பேரு கை வச்சோம், அசையவே இல்ல. யாரு இங்க ஹேண்ட்பிரேக் போடுவா? ஐஸு கரையுது, போட்டுக்காரங்க கத்துறாங்க, ஒரே பேஜாரு. அப்பால கிரேன் வந்து தூக்கினு பூட்டாங்க.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் தெருக்களில் வண்டியை நியூட்ரலில் விட்டுப் போவதுதான் மரியாதை. இடம் கம்மி, ஆட்கள் அதிகம். வண்டி குறுக்கே இருந்தால் யார் வேண்டுமானாலும் தள்ளி வைத்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். அப்பாவின் பழைய வேன் ராத்திரி எங்கள் வாசலில் படுத்து, காலையில் மாதா சிலை வைத்த கெபிக்குப் பக்கத்தில் விழித்திருக்கும். பள்ளிக்கூடம் போகிற அவசரத்தில் அதைத் தேடிக் கண்டுபிடிப்பது என் வேலை. தள்ளியவர் யாரென்று அப்பா ஒருநாளும் கேட்டதில்லை. இத்தனையும் தெரிந்த என் கை எப்போது மாறியது என்று எனக்கே தெரியவில்லை.

ஆட்டோ பிடித்து அபராதம் கட்டும் அலுவலகத்துக்கு ஓடினேன். கவுண்டரில் ஓர் அம்மாள். பெர்கன் பழக்கத்தில் மெதுவாக, மன்னிப்பெல்லாம் கேட்டு, நடந்ததை விவரித்தேன். அவர் நிமிரவே இல்லை.

“வண்டி யாரு பேர்ல கீது?”

“தம்பி பேர்ல, மேடம்.”

“அவரு வரணும்.”

“அவனுக்கு இன்னைக்குக் கல்யாணம்.”

“அப்ப நாளைக்கு வரச் சொல்லு.”

“தாலி வண்டியில கீதும்மா!” என்று கத்திவிட்டேன். வரிசை மொத்தமும் திரும்பியது. அந்த அம்மாளும் நிமிர்ந்தார்.

“நீ எந்த ஊரு?”

“ராயபுரந்தான்.”

“ராயபுரத்துப் பொண்ணு எங்கனா ஹேண்ட்பிரேக் போட்டுட்டுப் போவாளா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. அபராதம்கூட அப்படி வலிக்கவில்லை. ஆனால் அதற்குள் தாலி விஷயம் வரிசைக்கே சொந்த விஷயமாகிவிட்டது. நான் போன் போட்டு வரவழைத்த ஸ்டீபன் கோட்டு சூட்டோடு நண்பனின் பைக்கில் வந்து இறங்கியதும், “மாப்ள வந்துட்டாரு, வழிவுடுப்பா,” என்று ஆளாளுக்கு அவனை முன்னே தள்ளினார்கள். ரசீது கைக்கு வந்தது.

கார் நின்றதோ அலுவலகத்தின் பின்புறத்துக் கடைசி மூலையில். முன்னால் பிடிபட்ட வண்டிகள் அடைத்து நின்றன. இனி அவ்வளவுதான் என்று நினைத்தேன். காவலுக்கு இருந்தவர் அலட்டிக்கொள்ளவில்லை. “எல்லாம் நம்ம ஏரியா வண்டிதான், நியூட்ரல்லதான் கீது. தள்ளு மாமு.”

வரிசையில் நின்றவர்கள், காவல்காரர், கவுண்டர் அம்மாள்கூட வந்து கை வைத்தார்கள். மாப்பிள்ளை கோட்டைக் கழற்றினான். பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நானும் தள்ளினேன். ஒவ்வொரு வண்டியாக நகர நகர எனக்குக் குதூகலம் தாங்கவில்லை. பெர்கனில் இத்தனை வருடத்தில் நான் யாரோடும் சேர்ந்து எதையும் தள்ளியதில்லை.

கோயில் மணி அடிக்கும்போது போய்ச் சேர்ந்தோம். வாசலில் காரை நிறுத்தி, நியூட்ரலில் விட்டு, இடது கையால் ஹேண்ட்பிரேக்கைத் தொட்டுப் பார்த்தேன், இறக்கியே இருந்தது. பங்குச் சாமியார் மந்திரித்துக் கொடுத்த தாலியை ஸ்டீபன் கட்ட, பின்னால் முடிச்சுப் போட்டது நான்தான். பூசை முடிந்து வெளியே வந்தால் கார் விட்ட இடத்தில் இல்லை. தெருக்கோடியில் ஒரு வேப்பமர நிழலில் நின்றது. யாரோ தள்ளி வைத்திருந்தார்கள். நான் சத்தமாகச் சிரித்தேன்.

நேற்று பெர்கனில் மழை. என் தெருச் சரிவில் காரை நிறுத்தி, சக்கரத்தைத் திருப்பி, கியரைப் போட்டேன். இங்கே ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம். ஹேண்ட்பிரேக் வலது கைக்கு. வலது கை அதை முழு மூச்சாக மேலே இழுத்தது. அதே நேரம் என் இடது கை, கதவோரம் ஒன்றுமில்லாத இடத்தில், எதையோ கீழே இறக்கிவிடத் தேடிக்கொண்டிருந்தது.