அடியில் வளைந்த மரங்கள்

மழைக்காலம் தொடங்கிய கொஞ்ச நாளில் அப்பா மரம் சீவும் இழைப்புளியைத் தேடுவார். பின்னறைக் கதவு தரையில் உரசி, பாதி திறந்ததும் முரண்டு பிடித்து நின்றுவிடும். அதைக் கழற்றிப் போட்டு, அடியில் ஒரு மூலையை மட்டும் சீவித் திரும்ப மாட்டுவார். பஸ் பணிமனையில் மெக்கானிக் அவர். "ஈரத்துல மரம் ஊதும், வேறொண்ணுமில்ல" என்பார். இரண்டு மகள்களில் பெரியவளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து வருஷம் தவறாமல் நடப்பது இது. மரச்சுருளைக் கூட்டி அள்ளுவது அவள் வேலை.

அம்மா இறந்த வருஷம் எட்டாவதோடு படிப்பை விட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்தவள் அவள். தங்கையை எல்லோரும் குருவி என்றுதான் கூப்பிட்டார்கள். ஓரிடத்தில் உட்கார மாட்டாள், வாயும் ஓயாது. அந்தக் குருவிக்கு வன, சுற்றுச்சூழல் பொறியியல் படிக்க இடம் கிடைத்தபோது அப்பாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"பஸ்ஸுக்கு இன்ஜினியர் உண்டு, பாலத்துக்கு உண்டு. மரத்துக்கு எதுக்குடி? கிளைக்கு நட்டு போல்ட் மாட்டுவியா?"

"காட்டுக்குள்ள ரோடு போட்டா மழைத்தண்ணி எந்தப் பக்கம் ஓடும், எந்தச் சரிவு நிக்கும், எது இறங்கும்னு பார்க்கணும்ப்பா. அதுக்குத்தான்."

"சரி சரி, குழியில்லாம போடு. எனக்கும் வேலை மிச்சம்."

இரண்டாம் வருஷ விடுமுறைக்கு வந்த குருவி, துணி காயப்போடப் போனவள் திரும்பி வரவில்லை. பெரியவள் எட்டிப் பார்த்தாள். அவர்கள் வீடு மலைச்சரிவை வெட்டிப் போட்ட தெருவில் இருக்கிறது. பின்னால் மண் மேடேறிப் போகும். அங்கே நிற்கும் மரங்களைப் பார்த்தபடி, ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள் குருவி.

"அக்கா, இந்த மரமெல்லாம் எப்பவுமே இப்படியா? அடியில அரிவாள் மாதிரி வளைஞ்சு, அதுக்கு மேல நேரா?"

"காத்துக்கு வளைஞ்சிருக்கும்."

"காத்துக்கு வளைஞ்சா உச்சியில்ல வளையும்? மேல்மண்ணு கொஞ்சம் கொஞ்சமா கீழ நகருதுக்கா. அதோட மரமும் சாயுது. சாஞ்சது மறுபடி நேரா எழும்பப் பார்க்குது. அதான் இந்த வளைவு."

உள்ளே வந்து பின்னறைக் கதவுக்கு முன்னால் குந்தினாள். மேலே ஒரு பக்கம் விரல் நுழையும் இடைவெளி, மறுபக்கம் இறுக்கம். "ஊதின கதவு வெயில்ல சுருங்கணும்ல? இது ஒரு கோடையில கூட சுருங்கினதில்லையே."

மறுபடி தைக்க உட்கார்ந்திருந்த பெரியவளின் கால் மெஷின் மிதியில் அப்படியே நின்றது. இத்தனை வருஷம் சுருள் அள்ளியவளுக்கு அது தோன்றவே இல்லை. சாய்கிற வீட்டுக்குத் தோதாக அப்பா கதவைச் சீவிக்கொண்டே வந்திருக்கிறார்.

சாப்பிடும்போது குருவி சொன்னாள். அப்பா முதலில் சிரித்தார். பிறகு தட்டைத் தள்ளி வைத்தார்.

"எப்ப விழும்?"

"அது சொல்ல முடியாதுப்பா. நம்ம காலம் முழுக்க இப்படியே ஊர்ந்துகிட்டு இருக்கலாம். ஒரே பெருமழையில மொத்தமா இறங்கியும் வரலாம்."

"அப்புறம் என்னத்தைத்தான் படிக்கிற?"

மறுநாளே குருவி தன் பேராசிரியருக்கு போன் செய்தாள்.

அவர் வந்து மேடேறிப் பார்த்தார். மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்காதபடி மேலே வாய்க்கால் வெட்டினால் வேகம் குறையலாம், ஆனால் சரிவே நகரும்போது ஒரு வீட்டை மட்டும் பிடித்து நிறுத்த முடியாது என்றார். மேல்நிலத்துக்காரர் வாய்க்காலுக்குச் சம்மதிக்கவில்லை. குருவி நகராட்சி அலுவலகத்துக்குப் போனாள். அங்கே, "சுவர்ல விரிசல் எவ்வளவு?" என்று கேட்டார்கள்.

"மயிரிழைதான் சார்."

"கை நுழையற அளவு வரட்டும்மா, பார்ப்போம்."

பக்கத்து வீட்டுக்காரி வாசலிலேயே மறித்தாள். "குருவி, உன் படிப்பைக் காலேஜோட வச்சுக்கடி. நீ வாயைத் திறந்தா இந்தத் தெருவுல ஒரு வீடு விலை போகாது."

விடுமுறை முடிந்து கிளம்பும்போது குருவி கடைசியாக அப்பாவிடம் வந்து நின்றாள். "வித்துட்டுப் போயிடலாம்ப்பா."

"சொல்லி வித்தா எவனும் வாங்க மாட்டான். சொல்லாம வித்தா அவன் பிள்ளைங்க மேல விழும். எது தேவலைன்னு நீயே சொல்லு, இன்ஜினியரம்மா."

அவர் கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அவளிடம் கேட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பெரியவள்தான் அவளை வெளியே அழைத்துவந்தாள்.

குருவி இப்போது கடைசி வருஷம் படிக்கிறாள். மண்சரிவுப் பாடத்தில் வகுப்பிலேயே அவள்தான் முதல். வேறு வீட்டுக்கு வாடகை கொடுக்க அப்பாவின் சம்பளமும் தையலும் காணாது. பின்னறையில் யாரும் படுப்பதில்லை. மழை பெய்தால் குருவி போன் செய்து, அங்கே எப்படி என்று கேட்கிறாள். கொட்டினாலும் பெரியவள் தூறல் என்றுதான் சொல்கிறாள். அப்பாவும் அவளும் அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள்.