பூசணிக்காய்த் தொலைக்காட்சி

ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட்டில் இருந்த ஒற்றை அறையை விட்டு, வீடு மலிவு என்று அண்ணன் குடும்பத்தோடு பக்கத்துச் சிறு நகரமான அஜக்ஸுக்குக் குடிவந்த கிழமை, தொலைக்காட்சியில் ஒரு கிழவர் பூசணிக்காய் நிறுத்துக்கொண்டிருந்தார். அவர், அவருடைய காய், ஒரு தராசு, வேறொன்றுமில்லை. தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தேன், இன்னும் நிறுவை முடியவில்லை. கமராவைப் பிடித்தவர் எங்கே போனாரோ, காயின் மேற்பாதி மட்டும் திரையில் தெரிந்தது. "உது இஞ்சத்தை லோக்கல் ரி.வி.," என்றார் அண்ணி. "சனம் தங்களைத் தாங்களே பாக்கிறது." நான் யுத்தத்தில் மின்சாரமில்லாமல் கிடந்த யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டவர்கள் நாங்கள். கை ஓய்ந்தால் செய்தியும் ஓய்ந்துவிடும். அதனால் ஒரு சொல்லையும் தவறவிடமாட்டோம். இங்கே மின்சாரம் கொட்டிக் கிடந்தது. சொல்லத்தான் ஒன்றுமில்லை.

அப்படி இளக்காரமாகப் பார்த்த நானே இரண்டு மாதத்தில் அங்கே போய்ச் சேர்ந்தேன். கிழமை நாட்களில் பேக்கரியில் பாண் பொதி செய்வேன். சனிக்கிழமைகளில் சும்மா இருந்தால் யோசனை பெருகியது. நிலையத்துக்குத் தொண்டர்கள் வேண்டும் என்று அந்தத் திரையிலேயே எழுத்து ஓடியது. நிலையத்தை நடத்தியவர் கென் என்ற வெள்ளைக்காரர். புதிதாக வருகிற எவரையும் உட்கார வைத்து, ஒரு சாம்ராச்சியத்தின் வரலாறு போல நிலையத்தின் வரலாற்றைச் சொல்வார்: அன்ரெனா விற்ற ஒருவர் தளபாடக் கடைக்கு மேலே ஒரு அறையில் தொடங்கினாராம்; முதல் ஒளிபரப்பில் ஒரு தேவாலயப் பாடகர் குழு பாடியதாம்; பாதியில் கூரை ஒழுகியதாம். அந்த ஒழுக்கைச் சொல்லும்போது கென்னின் கண் கலங்கும். கூரையே இல்லாத வீட்டிலிருந்து வந்த நான் அனுதாபத்தோடு தலையாட்டினேன். கடைசியில், "இதற்கு முன் ஷூட் பண்ணியிருக்கிறாயா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அகதி விசாரணை மேசைக்குப் பிறகு அந்தச் சொல்லை அங்கேதான் கேட்டேன். "இல்லை, நான் ஒருவரையும் சுடவில்லை. எந்த இயக்கத்திலும் இருந்ததில்லை," என்றேன். கென் விழுந்து விழுந்து சிரித்தார். படம் பிடிப்பதற்கும் ஆளைச் சுடுவதற்கும் இவர்களிடம் ஒரே சொல்தான் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. என்னுடைய பதிலை அவர் பிறகு வருகிறவர்களுக்கெல்லாம் பகிடியாகச் சொன்னார். அதுவும் நிலையத்தின் வரலாற்றில் சேர்ந்துவிட்டது.

சனிக்கிழமை பிற்பகல் அரை மணித்தியாலம் தமிழுக்கு. எங்கள் ஆட்கள் அதை வைத்து என்ன செய்தார்கள் என்று கேட்டால், அந்தப் பூசணிக்காயே மேல். நிகழ்ச்சியை நடத்தியவர் சிவகுரு அண்ணை. இரவல் கோட் போட்டு, முகத்துக்குப் பவுடர் அப்பி, "அன்பு நெஞ்சங்களே" என்று தொடங்குவார். பிறந்தநாள் வாழ்த்து, ஒரு நகைக்கடை விளம்பரம், யாரோ வீட்டுப் பிள்ளையின் அரங்கேற்ற வீடியோ, மறுபடியும் பிறந்தநாள் வாழ்த்து. தன் பிள்ளையின் பெயரைப் பிழையாக வாசித்ததற்காக ஒருவர் கதவடிக்கே வந்து சண்டை பிடித்தார். இருந்த ஒரே கமராவை நான் பிடித்தேன். கென்னுக்கு ஒரு சொல்லும் விளங்காததால் எங்கள் அரை மணித்தியாலத்தில் டோனட் வாங்கப் போய்விடுவார். நான் மட்டும் என்ன திறம்? சனி காலையில் சட்டையை இரண்டு தரம் அயன் பண்ணுவேன், கமராவுக்குப் பின்னால் நிற்கிறவளை ஒருவரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும்.

இராணுவம் நெருங்கியதும் யாழ்ப்பாணத்துச் சனம் முழுவதும் ஒரே இரவில் ஊரைவிட்டு நடந்த அந்த ஐப்பசிக்குப் பிறகு, என்னோடு பேக்கரியில் வேலை செய்த பவளம் அன்ரி நிலையத்துக்கு வந்தார். அவருடைய மகள் வதனி அப்பம்மாவோடு ஊரில் இருந்தவள். இரண்டு கிழமையாக ஒரு தகவலும் இல்லை. கையில் அவளின் படம்.

"தம்பி, ஒரு நிமிசம் எண்டாலும் இந்தப் படத்தைக் காட்டுங்கோ. ஆற்றையும் சொந்தக்காரர் கண்டிருப்பினம்."

"அன்ரி, உது சரிவராது," என்றார் சிவகுரு அண்ணை, கண்ணாடியில் தலையை வாரிக்கொண்டு. "இது கலாசார நிகழ்ச்சி. அரசியல் எண்டு வெள்ளைக்காரன் நிப்பாட்டிப் போடுவான்."

"என்ரை பிள்ளை அரசியலோ தம்பி?"

அவர் கோட்டில் மைக்கைக் குத்திக்கொண்டார். அன்ரி வெளியே போகாமல் ஸ்ரூடியோ மூலையில் ஒரு கதிரையில் இருந்துகொண்டார். நிகழ்ச்சி தொடங்கியது. நகைக்கடை போனது, அரங்கேற்றம் போனது. அண்ணை வாழ்த்துகளை வாசிக்கத் தொடங்கியபோது அந்தக் குரலை என்னால் தாங்க முடியவில்லை. கமராவை அப்படியே மூலைக்குத் திருப்பி, அன்ரிக்குத் தலையசைத்தேன். அவர் எழுந்து படத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்தார். மைக் அண்ணையின் கோட்டில் இருந்ததால் கத்தித்தான் சொன்னார்: "இவ என்ரை மகள் வதனி. எங்கை இருக்கிறா எண்டு தெரியாது. ஆராவது கண்டனியள் எண்டால் சொல்லுங்கோ."

ரெலிபோன் உடனே அடித்தது. நான்தான் எடுத்தேன். "என்ரை மகன்ரை பேர் ஏன் வரேல்லை?" என்று ஒரு பெண். அடுத்ததும் அப்படித்தான். அதற்கடுத்ததும். ஆறாவதாகப் பக்கத்து ஊரான பிக்கரிங்கிலிருந்து ஒருவர்: "என்ரை தங்கச்சி வவுனியாவுக்கு வந்து போன் எடுத்தவ. வதனி எண்ட பிள்ளையும் ஒரு கிழவியும் மீசாலைப் பள்ளிக்கூடத்திலை தங்களோடை ஒரே வகுப்பிலை படுத்தவையாம். படத்திலை இருக்கிற மாதிரி நாடியிலை மச்சமாம்." நான் சொல்லச் சொல்ல, அன்ரி கமராவின் காலைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார்.

கென் டோனட்டோடு வந்தார். காணாமல்போன பிள்ளை ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறாளாம் என்றேன். "நல்லது! எந்த ஷொப்பிங் மோலில் தொலைந்தவள்?" என்று கேட்டார். விளக்க எனக்கு ஆங்கிலம் காணவில்லை, பொறுமையும் காணவில்லை. "பெரிய மோல்," என்றேன். சில மாதங்களில் நகரசபை நிலையத்துக்கு ஒரு பட்டயம் கொடுத்தது, தொலைந்த சிறுமியைத் தாயோடு சேர்த்துவைத்த சேவைக்காக. கென் கைகுலுக்கினார். சிவகுரு அண்ணை அதே இரவல் கோட்டோடு மேடையில் நின்று, எல்லாம் தன் யோசனை என்றார். தாயும் மகளும் சேரவேயில்லை. வதனியின் குரலை ரெலிபோனில் கேட்கவே அன்ரிக்கு இன்னும் இரண்டு வருடம் சென்றது. பட்டயம் கொடுத்த விழாவுக்கு அவரை ஒருவரும் அழைக்கவில்லை.

பிறகு ரொறன்ரோவின் பெரிய கம்பனி ஒன்று நிலையத்தை வாங்கி, வாங்கிய கையோடு மூடியது. வாழ்த்துச் சொல்ல இடமில்லாமல் போனதே என்று எங்கள் சனம் ஒரு கிழமை அழுதது. கடைசிச் சனிக்கிழமை உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் வந்து எல்லோரையும் வாசலில் நிரையாக நிறுத்தினார். நான் கமராவைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டிருந்தேன். "நீயும் வா!" என்று கென் கூப்பிட, ஓடிப்போய்ச் சேர்வதற்குள் படம் எடுபட்டுவிட்டது. பத்திரிகையில் கரையோரமாக என் தோளும் ஒரு கையும் விழுந்திருந்தன. படத்தின் கீழே இடமிருந்து வலமாகப் பெயர்கள், எனக்கு முந்திய ஆளோடு முடிந்தன.

நான் கனடாவில் தொலைக்காட்சியில் வேலை செய்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த அம்மாவுக்கு அந்தப் படத்தை வெட்டி அனுப்பினேன். இடம்பெயர்ந்து ஊர் திரும்பியிருந்த அம்மாவிடமிருந்து மூன்று மாதத்தில் பதில் வந்தது. கிணறு இறைத்தது, மதில் எழுப்பியது எல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் ஒரு வரி: "பிள்ளை, படம் கிடைச்சது. இதிலை நீ எங்கை நிக்கிறாய்?"

பேனையை எடுத்துக்கொண்டு அன்று பின்னேரம் முழுவதும் மேசையில் இருந்தேன். மற்றதெல்லாவற்றுக்கும் பதில் எழுதினேன்.