ஹில்க்காவின் கருமண் வாளி

என் தம்பி தௌனோவின் பெண்டாட்டி ஹில்க்கா ஒரு காரியத்தில் இறங்கிவிட்டால் பின்வாங்க மாட்டாள். எங்கள் சதுப்பு மண்ணை நிலக்கரி மாதிரி எரித்துக்கொண்டிருந்த மின் நிலையத்தை மூடியபோது, பிழைப்புப் போச்சே என்று ஊரே தலையில் கைவைத்து உட்கார்ந்தது. அவளோ ஆழத்தில் கிடந்த வழவழப்பான கருமண்ணை அள்ளி, வேரும் குச்சியும் போக வடித்து, "இனிமே இதை உடம்புல பூசுவோம்" என்றாள்.

"அடுப்புல போடுறத மூஞ்சில பூசுவாங்களா?" என்று தௌனோ கேலி பேசித் திரிந்தான். பல வருஷம் டிராக்டரில் அதே மண்ணை வாரியவன். வாளியில் வைத்த மண் மட்டும் ஏனோ குறைந்துகொண்டே வந்தது. ஹில்க்கா என்னை ஒரு மாதிரி பார்ப்பாள்.

ஏரிக்கு அக்கரையில் குளியல் விடுதி நடத்தும் மர்கித் ஒரு நாள் மண்ணைச் சோதித்துப் பார்க்க வந்தாள். அவள் வாங்கினால் ஹில்க்கா இங்கேயே இருக்கலாம். இல்லையென்றால் வீட்டை விட்டு நகரத்துக்கு வேலைக்குப் போயாக வேண்டும்.

மண் பூசும்போது சவுனாவில், அதாவது அடுப்பு மூட்டிய எங்கள் வேர்வைக் குளியல் அறையில், இளஞ்சூடுதான் இருக்கணும், மண் காயவே கூடாது என்று ஹில்க்கா படித்துப் படித்துச் சொன்னாள். தௌனோ கேட்டானா? விருந்தாளிக்கு ஆறிப்போன சவுனா கொடுத்தால் மானம் போய்விடுமாம்! யாரும் பார்க்காதபோது அடுப்பில் விறகைத் திணித்துவிட்டான், மடையன்.

நாங்கள் மூன்று பெண்களும் பூசிக்கொண்டு உட்கார்ந்தோம். சற்று நேரத்தில் மண் காய்ந்து, தோலைச் சுண்டி இழுத்து, பாளம் பாளமாக வெடித்தது. மர்கித் முகம் சுளித்தாள்.

ஹில்க்கா அசரவில்லை. கதவைத் தள்ளித் திறந்தாள். "ஏரிக்கு வாங்க! இது என் புருஷன் பண்ணின வேலை. என் மண்ணு மேல பழி போடாதீங்க."

குளித்து உடுத்தியதும் மர்கித் உதட்டைப் பிதுக்கினாள். "சூடுதான் தெரிஞ்சுது, ஹில்க்கா. மண்ணு எப்படின்னு தெரியலையே."

அப்போதுதான் தௌனோ தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து, மன்னிப்புக் கேட்டுக் கை நீட்டினான். அந்தக் கையைப் பிடித்த மர்கித் விடவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"டிராக்டர் ஓட்டுற கையா இது? ஒரு வெடிப்பக் காணோமே!"

தௌனோவின் காது சிவந்துவிட்டது. "வாளியில... கொஞ்சம் எடுத்து... தெனமும்..."

"அட திருட்டுப் பயலே!" என்று கத்தினாள் ஹில்க்கா. "நான் உங்க அக்காவையில்ல சந்தேகப்பட்டேன்!"

என்னையா! நல்லா நாலு கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். மர்கித் முந்திக்கொண்டாள்.

"சனிக்கிழமையே வாளிய அனுப்பிடு, ஹில்க்கா. கொண்டுவர்றது இந்த ஆளா இருந்தா, என் அடுப்புப் பக்கம் மட்டும் போகக் கூடாது."

ஹில்க்கா சிரித்தாள். அவள் கண்ணில் நீரை அன்றுதான் பார்த்தேன்.