மூன்று புள்ளிக் கடிதம்

ஹென்னிங்குக்கு உட்காரத் தெரியாது. ஓடென்சே நகரப் பேருந்தில் முப்பத்தொரு வருஷம் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தே பிழைத்த மனுஷர்தான். ஓய்வு பெற்ற நாளிலிருந்து நாற்காலி அவருக்கு ஆகாமல் போய்விட்டது. காபியை நின்றபடி குடிப்பார், செய்தித்தாளை நடந்தபடி படிப்பார். அன்று ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை. காலையில் கதவுத் துவாரம் வழியாக அந்தக் கடிதம் வந்து விழுந்ததும் இருந்த கொஞ்ச நிதானமும் போயிற்று.

தபால் தலை இல்லை. யாரோ நேரில் வந்து போட்டிருக்கிறார்கள். வெள்ளைத் தாளை மடித்துக் கத்தரித்துக் கோலம் போல ஆக்கியிருந்தது. நடுவே கோணல் மாணல் எழுத்தில் நான்கு வரிப் பாட்டு. கூடவே, பனி விலகும்போது தலை காட்டுமே, அந்தச் சின்ன வெள்ளைப் பூ ஒன்று. அடியில் பெயர் இல்லை; அந்த ஊர் எழுத்தில் பெயருக்கு எத்தனை எழுத்தோ அத்தனை புள்ளிகள். ஈஸ்டர் வந்தால் அந்த ஊரில் இது வழக்கம். அனுப்பியது யார் என்று மூன்று தடவைக்குள் சொல்லிவிட்டால் அனுப்பியவர் சாக்லேட் முட்டை தர வேண்டும். சொல்ல முடியாவிட்டால் முட்டைச் செலவு நம் தலையில். பிள்ளைகள் விளையாட்டுதான். ஆனாலும் ஹென்னிங் கதவடியிலேயே நின்று பாட்டை இரண்டு தடவை படித்தார்.

ஓசேயாக இருக்குமோ?

ஓசே அவருடைய அக்கா. ஆற்றுக்கு அந்தப் பக்கம், நடந்தால் இருபது நிமிஷத்தில் வீடு. இரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை. புள்ளிகளை எண்ணினார். மூன்று. பின்னாலிருந்து எண்ணினாலும் மூன்றுதான். ஓசேயின் பெயருக்கு அவர்கள் எழுத்தில் நான்கு. அவருக்குச் சப்பென்று போயிற்று.

சண்டைக்குக் காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். அவருடைய அறுபதாவது பிறந்தநாள். ஓடென்சேயில் புருன்ஸ்விகர் இல்லாமல் பிறந்தநாள் கிடையாது. மாவைத் தட்டில் பரப்பி, விரலால் குழி குழியாக அமுக்கி, வெண்ணெயும் பழுப்புச் சர்க்கரையும் உருக்கி ஊற்றிச் சுடுவார்கள். குழியில் பாகு தேங்க வேண்டும், அதுதான் கணக்கு. ஓசே ஒரு தட்டு நிறையச் சுட்டுக்கொண்டு வந்தாள். ஹென்னிங் ஒரு கடி கடித்துவிட்டு, இருபது பேர் முன்னால், "என்ன ஓசே, என் பஸ் சீட்டுப் பஞ்சப் பிச்சுக்கிட்டு வந்துட்டியா? இப்படிக் காஞ்சு கெடக்கு!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஓசே தட்டை எடுத்தாள், கோட்டை மாட்டினாள், போய்விட்டாள்.

அவள் கணவன் இறந்து அன்றைக்கு மூன்றாவது வாரம். அதற்குப் பிறகு அவள் அடுப்பைப் பற்ற வைத்ததே அன்றுதான். இது ஹென்னிங்குக்கு அப்புறம்தான் உறைத்தது. உறைத்ததும் ஓடிப் போய் மன்னிப்புக் கேட்டிருக்கலாம் அல்லவா? கேட்கவில்லை. போனை எடுத்து, மணி அடிக்கும் முன்பே வைத்த நாட்கள் எத்தனையோ. வாய்க்கொழுப்புக்குக் குறைவில்லாத மனுஷருக்கு அந்த ஒரு வார்த்தை மட்டும் வரவில்லை.

சரி, ஓசே இல்லையென்றால் யார்? பேத்தி லிவ்வுக்கு அவர்கள் எழுத்தில் மூன்று. போன் போட்டார்.

"லிவ், நீதானே அந்தத் திருட்டுப் பூனை?"

"எது தாத்தா?"

"கடுதாசி!"

"ஐயே, என்னோடதை நான் இன்னும் வெட்டவே இல்ல. தாத்தா, யாராச்சும் உன்னை லவ் பண்றாங்களா?"

"போடி கழுதை."

ஒன்று போயிற்று. வீட்டுக்குள் நாலு தடவை குறுக்கும் நெடுக்கும் நடந்தார். தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

முனை ரொட்டிக் கடையில் ஒரு துண்டு புருன்ஸ்விகர் வாங்கி, நடந்துகொண்டே தின்றார். பாகு மணிக்கட்டு வரை வழிந்தது. நல்ல துண்டுதான். ஆனால் இரண்டு வருஷமாக எந்தக் கடையில் வாங்கினாலும் இரண்டாவது வாய் தொண்டையில் நிற்கிறது. ஆற்றங்கரைப் பூங்காவில், வழக்கமான பெஞ்சில், உல்ஃப் வாத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட வண்டி ஓட்டிய பழைய சகா. அவரும் மூன்றெழுத்து.

"உல்ஃப், மரியாதையா ஒத்துக்க. நீதானே எழுதுன?"

உல்ஃப் கடிதத்தை வாங்கிப் பார்த்தார். "நானா? உனக்கா? என் பொண்டாட்டிக்கே நான் எழுதுனதில்ல. மொதல்ல உக்காருப்பா. நீ நிக்கிற நிலையப் பாத்து வாத்தெல்லாம் மிரளுது."

"பின்ன யாரு?"

"உன் அக்காவா இருக்கும்."

"அவளுக்கு நாலு புள்ளி வரணும். எண்ணத் தெரியாதவளா அவ?"

"நீயே போய்க் கேளேன். கொறஞ்சா போயிருவ?"

ஹென்னிங் மீதித் துண்டை உல்ஃபின் மடியில் வைத்துவிட்டு நடையைக் கட்டினார். இரண்டும் போயிற்று. இன்னும் ஒன்றுதான்.

ஈவாவின் சாக்லேட் கடை இரண்டு மணிக்குச் சாத்திவிடும். மேலே சாக்லேட் ஓடு, உள்ளே வெள்ளை நுரை என்று அவள் செய்கிற உருண்டைக்காக ஹென்னிங் தினமும் அங்கே போகிறவர். அன்று முட்டை வாங்க வந்த கூட்டம் வாசல் வரை நின்றது. வரிசையில் ஒரு கால் மாற்றி ஒரு கால் நின்று, முன்னால் வந்ததும் கடிதத்தை நீட்டினார்.

"ஈவா, மூணு எழுத்து. நீதான். என் கண்ணப் பாத்துச் சொல்லு."

"உங்க கண்ணப் பாக்கவா? ஈஸ்டர் வாரத்துல என் மூஞ்சியக் கண்ணாடியில பாக்கவே நேரமில்ல. இதுல உங்களுக்குப் பாட்டு வேறயா?"

"அப்ப நீ இல்லையா?"

"நான் இல்ல. மூணும் போச்சா? தோத்தீங்க. முட்டைய வாங்கிட்டு எடத்தக் காலி பண்ணுங்க."

"யாருக்குன்னே தெரியாம எதுக்குடி முட்டை?"

ஈவா சிரித்துக்கொண்டே ஒரு முட்டையின் மேல் வெள்ளையில் எழுதியிருந்த பெயரைக் கத்தியால் சுரண்டினாள். "எனக்கும்தான் இன்னிக்குத் தோல்வி. ஓவேன்னு ஒரு பெரியவர். பேரு ஆரம்பத்துல வர்ற 'ஓ'வுக்கு இப்ப எல்லாரும் போடற மாதிரி ஒரு எழுத்தப் போட்டு, தலையில வட்டம் வச்சேன். என்னா குதி குதிச்சாரு! 'நான் பழைய ஓவே, அதுக்கு ரெண்டெழுத்துப் போடணும், நாலெழுத்துக்காரன மூணெழுத்தாக்கிட்டியே'ன்னு கடையே அதிருது."

ஹென்னிங்கின் கால்கள் நின்றன.

ஓசேயும் பழைய வகைதான். தன் பெயரின் 'ஓ'வைப் பழைய வழக்கப்படி இரண்டெழுத்தாகத்தான் எழுதுவாள். வட்டம் போட்ட கல்யாணப் பத்திரிகையைத் திரும்ப அச்சடிக்க வைத்தவள். அவள் பெயருக்கு வட்டம் போடும் துணிச்சல் உலகத்தில் ஒருவருக்குத்தான் இருந்தது. ஒவ்வொரு பிறந்தநாள் வாழ்த்திலும் ஹென்னிங் வேண்டுமென்றே வட்டம் போடுவார். "ஒரு எழுத்து மிச்சம் பண்ணிட்டேன்," என்பார். அவள் வாழ்த்து அட்டையை அவர் முகத்திலேயே விட்டெறிவாள்.

மூன்று புள்ளி. அது தம்பி எழுதுகிற ஓசே. யாருக்கும் விட்டுக்கொடுக்காத எழுத்தை விட்டுக்கொடுத்து, இருபது நிமிஷம் நடந்து வந்து, கதவைத் தட்டத் தைரியம் இல்லாமல் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

"அட மடையா!" என்றார் சத்தமாகவே.

"என்னையா சொல்றீங்க?"

"என்னைத்தான். இருக்கிறதுலயே பெரிய முட்டைய எடு. பேரு ஓசே. நாலெழுத்து. வட்டம் கிட்டம் போட்ட, நானும் குதிப்பேன்."

முட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பாலத்தைக் கடந்தார். ஓட்டமும் நடையுமாக வந்தவர், அழைப்பு மணிக்கு முன்னால் விரலை நீட்டுவதும் மடக்குவதுமாக நின்றார். அவர் அழுத்துவதற்குள் கதவு திறந்தது. ஓசே இளைத்திருந்தாள்.

"மூணு தடவையும் தப்பாச் சொன்னேன்," என்றார் ஹென்னிங்.

"யாரையெல்லாம் சொன்ன?"

"லிவ். ஈவா. அப்புறம் உல்ஃப்."

"உல்ஃபா? என் பாட்டப் படிச்சா உல்ஃப் எழுதுன மாதிரியா இருக்கு?"

"ஓசே, அன்னிக்கு நான் பேசுனது..." முட்டையை நீட்டினார். "தப்பு. அதச் சொல்ல எனக்கு ரெண்டு வருஷமாச்சு. மன்னிச்சிரு."

ஓசே முட்டையை வாங்கினாள். மேலே இருந்த எழுத்துகளை ஒரு விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டாள். நான்கு. கண் நிறைந்துவிட்டது.

"உள்ள வா. காலைல புருன்ஸ்விகர் சுட்டேன். காஞ்சுதான் இருக்கும்."

"இருக்கட்டும்," என்றார் ஹென்னிங். கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.