கஞ்சமலை அடிவாரத்தில் காணாமல் போன தண்ணீர்

சேலம் ஜங்ஷன் கூட்ஸ் ஷெட்டில் குமாஸ்தாவாக இருப்பவனுக்குச் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் லீவு கிடைப்பது அபூர்வம். போன பங்குனியில் கிடைத்ததை ஒரு சண்டைக்காகச் செலவழித்தேன். இளம்பிள்ளைக்கு மேற்கே, கஞ்சமலை ஓடையை ஒட்டித் தோட்டம் வைத்திருக்கும் அண்ணன் தம்பி இருவர் பழனியப்பனும் செங்கோடனும். பத்து வருஷமாக நிலக்கடலை மூட்டைகளை எங்கள் ஷெட்டுக்குக் கொண்டு வருகிறவர்கள். சூரமங்கலம் வந்தால் சாப்பாடு என் வீட்டில்தான். அப்படிப்பட்டவர்கள் நாலு மாதமாக ஒருவரோடொருவர் பேசுவதில்லை. திங்கட்கிழமை கோர்ட்டில் பிராது கொடுக்கப் போவதாகப் பெரியவர் பழனியப்பன் எனக்குக் கார்டு போட்டிருந்தார்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு சூரமங்கலத்தில் பஸ் ஏறினேன். யுத்த காலமாதலால் பெட்ரோல் கிடையாது. பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு அந்தப் புகையில் ஓடுகிற பஸ். ஒன்பது மைலுக்கு ஐந்தணா. மேடு வந்தால் இறங்கித் தள்ள வேண்டும். தள்ளியதற்கு ஓரணா குறைக்கக் கூடாதா என்று கண்டக்டரைக் கேட்டேன். மேட்டுக்கு மேடு யாராவது கேட்கிற கேள்விதானாம் அது. இளம்பிள்ளையில் இறங்கும்போது மணி ஒன்பதேகால். சாயப்பட்டறைகளிலிருந்து சிவப்புத் தண்ணீர் சாக்கடையில் தெருக்கோடி வரை ஓடிக்கொண்டிருந்தது. அங்கிருந்து மூன்று மைலுக்கு மாட்டு வண்டி, எட்டணா, ஒரு மணி நேரம்.

விவகாரம் இதுதான். இருவருக்கும் பொதுக் கிணறு ஒன்று. ஒருநாள் அண்ணன் முறை, மறுநாள் தம்பி முறை என்று மாடு கட்டிக் கவலை ஏற்றத்தில் இறைப்பார்கள். கிணற்றை ஒட்டித் தம்பியின் நிலம், அதைத் தாண்டித்தான் அண்ணனுடையது. அண்ணன் முறையில் வாய்க்கால் நிறையப் புறப்படும் தண்ணீர் அவர் நிலத்துக்குள் நுழையும்போது பாதியாகிவிடுகிறது. ராகி கதிர் வாங்கும் சமயம். பயிர் கண்ணெதிரே வாடிக்கொண்டிருந்தது.

"நடுவுல இருக்கறது அவன் காடு மட்டுந்தானுங்க. தண்ணி என்ன, றெக்கை கட்டிப் பறந்தா போச்சு?" என்றார் பெரியவர்.

சின்னவரிடம் போனேன். கோயிலில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யச் சொல்லி அண்ணன் ஆள் விட்டிருக்கிறார். அதில்தான் அவருக்கு ஆத்திரம்.

"நாந் திருடலீங்க. திருடாதவன் எதுக்குங்க சத்தியம் பண்ணோணும்?" என்றார்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் சின்னவர் மேல்தான் சந்தேகம். அன்று சாயங்காலம் பெரியவர் வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு, தேவைப்பட்டால் கோர்ட்டில் வந்து சாட்சி சொல்வதாகவும் ஒப்புக்கொண்டேன்.

ஞாயிறு அண்ணன் முறை. (மாதா கோயில் பூசைக்குப் போகாததைப் பங்குச் சாமியாரிடம் பிறகு சொல்லிவிட்டேன்.) காலை ஆறு மணிக்குக் கவலை ஓட ஆரம்பித்ததும் வாய்க்காலை ஒட்டி இரண்டு முறை நடந்தேன். எங்கேயும் உடைப்பில்லை, மடையில்லை. ஆனால் கோடியில் பாதித் தண்ணீர்தான். பட்டப்பகலில், என் கண்முன்னால்! எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அப்போதுதான் இளம்பிள்ளைச் சாக்கடை நினைவுக்கு வந்தது. வண்டி கட்டிக்கொண்டு போய், ஒரு பட்டறையில் கொட்டவிருந்த கழிவுச் சாயத்தை இரண்டு மண்ணெண்ணெய் டின்களில் வாங்கி வந்தேன். காசு கேட்கவில்லை, பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

ஒன்பதரைக்குக் கிணற்றடியில் சாயத்தை வாய்க்காலில் ஊற்றினோம். நானும் பெரியவரும் கோடியில் போய் நின்றோம். சின்னவர் தன் வரப்பில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கால் மணியில் சிவப்பு எங்களிடம் வந்து சேர்ந்தது. அதே நேரம் ஓடையில் புல்லறுத்துக்கொண்டிருந்த சின்னவர் மனைவி கரையேறி வந்தார்.

"ஏனுங்க, கரைப் பொந்துலயிருந்து செவப்பா தண்ணி வருதுங்க" என்றார்.

ஓடினோம். ஓடைக்கரையின் பக்கவாட்டில் சிவப்புத் தண்ணீர் மண்ணோடு கொட்டிக்கொண்டிருந்தது. சின்னவர் குனிந்து பார்த்தார். அந்தப் பொந்தை நண்டு வளை என்று நினைத்து அவரே மூன்று முறை கல்லும் மண்ணும் வைத்து அடைத்திருக்கிறார். அடைத்த ஒவ்வொரு முறையும் பக்கத்தில் புதிதாக வாய் திறந்து, கரை ஒரு பாகம் சரிந்திருக்கிறது. அண்ணனோடு பேச்சு இருந்திருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார். தண்ணீர் குறைவது அண்ணனுக்குத் தெரியும், கரை சரிவது தம்பிக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஆளில்லாமல் போயிற்று.

வாய்க்காலிலிருந்து ஆறடி தள்ளி நிலம் சற்றுக் குழிந்திருந்தது. அங்கே தோண்டினோம். மூன்றடி ஆழத்தில் என் கை தோள் வரை போகிற அளவுக்கு ஒரு குழாய்! யாரும் வெட்டியதல்ல. எப்போதோ வெட்டிப்போட்ட வேலமரத்தின் வேர், வாய்க்காலின் அடியிலிருந்து ஓடை வரை மக்கிய துளை. எலியும் தன் பங்குக்குக் குடைந்திருந்தது. மேலே செம்மண், கீழே உவர்மண். அந்த உவர்மண் தண்ணீர் பட்டால் வெல்லக்கட்டி மாதிரி கரைகிறது. ஓடைப் பக்கத்து வாயை மட்டும் அடைத்தால் தண்ணீர் உள்ளேயே தேங்கி, கரைத்துக்கொண்டு வேறு வழி பார்க்கிறது.

நுழைகிற இடத்திலேயே குறுக்கே வெட்டி, ஏரிக் களிமண்ணைப் போட்டு மிதித்து இறுக்கினோம். வாய்க்காலையும் மூன்று கஜம் தள்ளிப் போட்டோம். பாதி வேலையில் பெரியவர் நிமிர்ந்தார். "செங்கோடா, மம்புட்டிய இப்படிக் குடு. நீ போயி தண்ணி குடிச்சுட்டு வா" என்றார். நாலு மாதத்துக்குப் பிறகு பேசிய பேச்சு. மூன்று மணிக்கு மறுபடி மாடு கட்டினார்கள். கோடிக்கு வாய்க்கால் நிறைய வந்தது தண்ணீர். எனக்கு அப்பாடா என்று இருந்தது. அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: பஸ்ஸில் முன்பக்கம் உட்காருங்கள், பின்னால் கரிப்புகை. திரும்புகிற கடைசி பஸ் இளம்பிள்ளையில் ஆறு மணிக்கு. ஓடைக்கரை ஓரமாக நடக்காதீர்கள். மேலே புல் இருக்கும், கீழே மண் இருக்காது. தண்ணீர் குறைகிற தோட்டக்காரர்கள் வக்கீலைப் பார்ப்பதற்கு முன் ஓடையைப் போய்ப் பாருங்கள்.

பெரியவர் வண்டி பூட்டிக் கொடுத்தார். பிராது காகிதத்தை அவரே அடுப்பில் போட்டுவிட்டதாகச் சொன்னார். சின்னவர் கூடவே வண்டித்தடம் வரை நடந்து வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஊரே என்னையத் திருடன்னுச்சுங்க. நீங்க ஒருத்தர்தானுங்க நம்புனீங்க" என்றார்.

வாரேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டேன்.